போட்டியில் கலந்துகொள்ளாத ஆமை

ஒரு புத்தகத்தைப் பாதி படித்தவன் கையில் மைக்கைக் கொடுக்கக் கூடாது. முழுதாகப் படித்தவனால் ஆபத்து இல்லை. நாலு சந்தேகம் வந்து அவனே அடங்கிவிடுவான். படிக்காதவனாலும் ஆபத்து இல்லை. பாதி படித்தவன்தான் எதிரே வருகிற ஆளையெல்லாம் நிறுத்தி விளக்கம் சொல்வான். இருபத்து நான்கு வயதில் நான் அப்படித்தான் இருந்தேன். நான் பாதி படித்தது தாவோ என்கிற பழைய சீனத் தத்துவம்.

எண்பதுகளின் தொடக்கம். கிளியூர் என்ற மலை ஊரில் அரசு உதவி பெறும் ஒரு நடுநிலைப் பள்ளியில் தற்காலிக ஆசிரியராக வேலை. சொந்த ஊர் சேலம். ஆசிரியர் பயிற்சி முடித்துவிட்டு, தபால் வழியில் தத்துவத்தில் எம்.ஏ.யும் வாங்கியிருந்தேன். (ஏன் தத்துவம் என்று கேட்காதீர்கள். மற்ற பாடங்களுக்கு விண்ணப்பிக்கும் தேதி முடிந்திருந்தது.) பள்ளியின் தாளாளர் ஒரு காப்பி எஸ்டேட் முதலாளி. என்னை நிரந்தரமாக்குவதைப் பற்றிக் கேட்டபோதெல்லாம், "ஆண்டு விழா முடியட்டும் தம்பி, பாத்துச் சொல்றேன்" என்பார். சேலத்தில் எனக்கு ஒரு பெண்ணைப் பேசிவைத்திருந்தார்கள். பெண்ணின் அப்பாவும் அதையேதான் சொன்னார். "வேலை நிரந்தரமாகட்டும் தம்பி, பாத்துச் சொல்றேன்." ஆக, என் சம்பளமும் என் கல்யாணமும் ஒரே ஆண்டு விழாவில் தொங்கிக்கொண்டிருந்தன.

அந்த நேரம் பார்த்துத்தான் சேலத்தில் ஒரு பழைய பேப்பர் கடையில் அந்தப் புத்தகம் கிடைத்தது. ஆங்கிலம். அட்டை இல்லை. பின்பாதியும் இல்லை. அதில் கடைக்காரர் பொட்டலம் மடித்திருப்பார். இருந்த பாதியை, கிளியூரை அடுத்த ஒண்டிக்கடை என்ற இடத்தில் நான் வாடகைக்கு இருந்த அறையில் உட்கார்ந்து படித்தேன். எதையும் வலிந்து செய்யாதே, தண்ணீர் பள்ளத்தை நோக்கிப் போவதுபோலப் போ, செய்யாமல் செய் என்றெல்லாம் அதில் இருந்தது. எனக்குப் புல்லரித்தது. மறுநாள் காலை, கீழே மளிகைக் கடை வைத்திருந்த காதர் பாயிடம் விளக்கினேன். அவர்தான் என் வீட்டுக்காரர். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிங்க சார், வெல்லம் எவ்வளவு போடட்டும்?" என்றார்.

விழாவுக்கு ஒரு மாதம் இருக்கையில் தலைமையாசிரியை மரகதம் டீச்சர் என்னைக் கூப்பிட்டார்.

"சார், பசங்கள வெச்சு முயல் ஆமை கதைய நாடகமாப் போட்டுருங்க. சின்னதாப் போதும். பெத்தவங்க பாத்துட்டுச் சந்தோசமாப் போவாங்க."

"அதையே கொஞ்சம் ஆழமாப் போடலாமுங்களா டீச்சர்? ஆமை ஏன் ஜெயிச்சுதுன்னு யாருமே யோசிக்கலீங்க. ஜெயிக்கணும்னு அது நினைக்கவே இல்ல. அதனாலதான் ஜெயிச்சுது. சீனாவுல இதுக்குச் செய்யாமல் செய்தல்னு பேருங்க."

டீச்சர் வாசலைப் பார்த்தார். அங்கே எங்கள் பியூன் ஸ்டூலில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார்.

"அதத்தான் இவரு நான் இங்க வந்த நாள்லேருந்து செஞ்சுக்கிட்டிருக்கறாரு. அவரு சீனாவுக்கெல்லாம் போனதில்லீங்க," என்றார். "எப்படியோ போடுங்க. முதலாளிக்கு வெச்ச பஜ்ஜி ஆறிப்போறதுக்குள்ள முடிச்சுருங்க."

அனுமதி கிடைத்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன். காக்கா, நரி, முயல், ஆமை ஆகிய நால்வரையும் வைத்துக் கிளியூருக்குத் தாவோவைக் கொண்டுவந்துவிடுவது என்று முடிவு செய்தேன். முதலில் காக்கா, வடை. என் கதையில் நரி காக்காவை ஏமாற்றாது. வடை மேல் உள்ள பற்று நீங்கி, காக்கா தானாகவே வாயைத் திறந்து வடையை விட்டுவிடும். நரிக்கும் ஆசை கிடையாது, வடையை எடுக்காது. இரண்டும் வானத்தைப் பார்த்தபடி நிற்கும். (எழுதி முடித்து, அதை நானே திரும்பப் படித்து, நானே அசந்துபோனேன்.) அதற்குப் பிறகு பந்தயம்.

முயலாகக் காதர் பாயின் மகன் ரஹீம். ஆமையாக நான்காம் வகுப்புப் பழனியம்மா. அவள் வீட்டில் மலைச் சரிவில் தினையும் பலாவும் போட்டிருந்தார்கள். வகுப்பில் அதிகம் பேசமாட்டாள். பேசினால் கேள்வியாகத்தான் இருக்கும்.

"ஏனுங்க சார், செயிக்க வேண்டாம்னா ஆமை எதுக்குங்க ஓடுச்சு?"

எனக்கு உள்ளம் பூரித்தது. இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்.

"ஆமை ஓடலம்மா. அது பாட்டுக்குப் போச்சு. அதுக்குப் போட்டியே கிடையாது. தோணுனாப் போகும். தோணலீன்னா இருக்கும்."

"தோணலீன்னா இருந்துக்கலாமுங்களா?"

"தாராளமா."

அவள் தலையை ஆட்டிக்கொண்டு போனாள். நான் பெருமையோடு பார்த்துக்கொண்டு நின்றேன். இப்போது நினைத்தால் அந்த "தாராளமா"வை வாயிலிருந்து பிடுங்கி எறியலாம்போல இருக்கிறது. ரஹீமுக்கும் தனியாக உபதேசம் நடந்தது. "தூங்குற மாதிரி நடிக்காத. முயல் தூங்குது, அவ்வளவுதான்." அவனும் சரி என்றான். மறுப்புச் சொல்லாத குழந்தைகளைப் பார்த்து எனக்கு எச்சரிக்கை வந்திருக்க வேண்டும். வரவில்லை.

விழா அன்று பெஞ்சுகளைச் சேர்த்து மேடை போட்டோம். பின்னால் காதர் பாய் கொடுத்த தார்ப்பாய். மேலே ஒரு பெரிய லைட், அதன் பக்கத்தில் கயிற்றில் தொங்கவிட்ட மைக். நாலு மணிக்கே பனிமூட்டம் இறங்கிவிட்டது. முன்வரிசையில் முதலாளி, மப்ளரோடு. அடுத்த வரிசையில், சேலத்திலிருந்து பஸ் ஏறி வந்திருந்த பெண்ணின் அப்பா. மாப்பிள்ளைப் பையனின் பெருமையை நேரில் பார்க்க நான்தான் அவரை அழைத்திருந்தேன்.

"நீங்கள் இன்று பார்க்கப்போவது நீங்கள் அறிந்த கதை அல்ல," என்று மைக்கில் ஆரம்பித்தேன். அது மட்டும் பலித்தது. தாவோ, தண்ணீர், செய்யாமல் செய்தல் என்று நான் பேசப் பேச, முன்வரிசையில் ஒவ்வொரு மப்ளராக இறுகிக்கொண்டு வந்தது. மரகதம் டீச்சர் ஓரத்திலிருந்து கையால் பஜ்ஜித் தட்டைக் காட்டினார். முடித்துக்கொண்டேன்.

காக்கா வந்தது. வாயில் வடை. அசல் வடை. (பொய் வடையிடம் உண்மையான பற்றின்மை வராது என்பது என் கொள்கை.) காக்கா வாயைத் திறந்தது. வடை விழுந்தது. நரி அதை எடுக்கவில்லை. இருவரும் வானத்தைப் பார்த்தார்கள். கூட்டத்தில் ஒரு சத்தமில்லை.

"ஏனப்பா, நரி எடுக்க மறந்துருச்சா?" என்று யாரோ கேட்டது மட்டும் தெளிவாகக் காதில் விழுந்தது.

அப்போது பள்ளிக்கூடத்தைச் சுற்றித் திரியும் செவலை நாய் ஒன்று படியேறி மேடைக்கு வந்தது. அவசரமே படவில்லை. வடையை மோந்து பார்த்தது, சாப்பிட்டது, கூட்டத்தை ஒருமுறை பார்த்தது, மறுபக்கம் இறங்கிப் போய்விட்டது. கைத்தட்டல் அடங்க வெகு நேரம் ஆனது. அன்று கிடைத்த ஒரே கைத்தட்டல் அதுதான் என்பது அப்போது எனக்குத் தெரியாது. தத்துவத்துக்குத் தட்டுகிறார்கள் என்று நினைத்து ஓரத்திலிருந்து கும்பிட்டேன்.

பந்தயம் தொடங்கியது. கம்பளியில் தைத்த முயல் வேஷத்தில் ரஹீம் பாய்ந்து ஓடினான், மேடையில் நட்டுவைத்திருந்த ஒரு காப்பிச் செடிக்குக் கீழே படுத்தான், தூங்கினான். மத்தியானம் வீட்டில் விருந்து சாப்பிட்டிருந்தவனுக்கு அந்தக் கம்பளியும் சேர்ந்துகொள்ள, குறட்டையே வந்துவிட்டது. காப்பிக் கூடையைக் கவிழ்த்து முதுகில் கட்டிக்கொண்டு பழனியம்மா தவழ்ந்து வந்தாள். மேடையின் நடுவுக்கு வந்தாள். நின்றாள். கைகால்களைக் கூடைக்குள் இழுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

கொஞ்சம் பொறுத்துப் பார்த்தேன். கூடை அசையவில்லை.

"பழனியம்மா, போம்மா," என்றேன் ஓரத்திலிருந்து மெதுவாக.

கூடைக்குள்ளிருந்து தலை மட்டும் வெளியே வந்தது. "தோணலீங்க சார்."

மேலே தொங்கிய மைக் அதை வாங்கி மைதானம் முழுக்கச் சொன்னது.

"இப்ப தோணும். போ."

"நீங்கதானுங்க சார் சொன்னீங்க, ஆமைக்குப் போட்டியே இல்லீன்னு." தலை உள்ளே போய்விட்டது.

கூட்டத்தில் அவள் அம்மா எழுந்து நின்றாள். "ஏ கண்ணு, எந்திரிச்சுப் போ சாமி. எல்லாரும் பாக்கறாங்க."

அவள் அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. "புள்ளைய ஏன் வெரட்டற? அது தோணறப்பப் போவும். சாரே சொல்லியிருக்கறாரில்ல?"

என் தத்துவத்துக்கு அன்று கிடைத்த ஒரே ஆதரவு அந்த மனிதருடையது. அவரை அடிக்கலாம்போல இருந்தது.

இதற்குள் காதர் பாய் எழுந்தார். "சார், எம் பையன் நெசமாலுமே தூங்கறானுங்க. எழுப்பிடட்டுங்களா?"

"வேண்டாம் பாய், வேண்டாம்," என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் "டேய் ரஹீம்" என்று ஒரு குரல் கொடுத்துவிட்டார். கடைக்கு நேரமாகிவிட்டது என்று நினைத்தானோ என்னவோ, பையன் துள்ளி எழுந்தான். தனக்கு முன்னால் போயிருக்க வேண்டிய ஆமை பின்னால் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தான். பக்கத்தில் போய்க் கூடையைத் தட்டினான்.

"நீ போனாத்தான் நான் ஓட முடியும்."

"நீ போ. நான் வல்ல."

அவன் என்னைப் பார்த்தான். "சார், அப்ப நான் செயிச்சுக்கட்டுங்களா?"

பாதிக் கூட்டம் ஓடு என்றது. மீதிக் கூட்டம், அதெப்படி முயலு செயிக்கும், நாளைக்கு ஊட்டுல புள்ளைங்களுக்கு என்ன கதை சொல்றது என்று சண்டைக்கு வந்தது. முதலாளி திரும்பி உட்கார்ந்து கூட்டத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்டார். பெண்ணின் அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த நொடியில் தாவோ என்னைவிட்டுப் போனது. தண்ணீரும் போனது. மேடைமேல் பாய்ந்தேன். பழனியம்மாவைக் கூடையோடு இரண்டு கையாலும் அள்ளி மார்போடு அணைத்துக்கொண்டு, எல்லைக்கோட்டில் கட்டியிருந்த சிவப்பு ரிப்பனை நோக்கி ஓடினேன். செய்யாமல் செய்வதைப் பற்றி அவ்வளவு பேசிய வாத்தியார், வாழ்க்கையில் அவ்வளவு வேகமாக அதற்கு முன்னும் ஓடியதில்லை, பின்னும் ஓடியதில்லை. மைக் வயர் காலில் சிக்கியது. விழப்போகிறேன் என்று தெரிந்ததும் திரும்பி மல்லாக்க விழுந்தேன். ரிப்பனை அறுத்துக்கொண்டு என் தலை முதலில் போனது. மார்பின் மேல் கூடையோடு பழனியம்மா, சின்னக் கீறல்கூட இல்லாமல்.

"சார்தான் பர்ஸ்ட்டு," என்றான் ரஹீம். மைக்தான் கயிறு அறுந்து அவன் காலடியிலேயே கிடந்ததே, அதுவும் ஊருக்கெல்லாம் கேட்டது.

கூட்டம் கலைந்த பிறகு முதலாளி என்னைக் கூப்பிட்டனுப்பினார். பெட்டி கட்டத் தயாராகத்தான் போனேன். அவர் ஒரு பஜ்ஜியைக் கடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார்.

"தம்பி, சீனாக்காரன் சமாச்சாரம் எனக்கு ஒண்ணும் வெளங்கல. ஆனா அந்த நாய் நொம்ப நல்லா நடிச்சுது. யாரு பழக்குனது?"

"யாரும் இல்லீங்க. அதுவாவே வந்துச்சுங்க."

அவர் நம்பவில்லை. அடக்கமாகச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொண்டார். "சரி, வேலையப் போட்டுத் தந்தர்றேன். ஆனா கணக்கு மட்டும் எடுங்க. கதை வேண்டாம்." அன்றிலிருந்து ஓய்வு பெறும் நாள்வரை, தத்துவத்தில் எம்.ஏ. வாங்கிய நான் கிளியூர்ப் பிள்ளைகளுக்குப் பின்னமும் தசமமும் சொல்லிக்கொடுத்தேன்.

வெளியே பெண்ணின் அப்பா நின்றிருந்தார். என் சட்டை முதுகில் கிழிந்திருந்ததைப் பார்த்தார்.

"அந்தப் புள்ளையக் கீழ போடாம விழுந்தீங்களே," என்றார். "அடி பலமுங்களா மாப்பிள்ளை?"

அதுவரை என்னைத் தம்பி என்று கூப்பிட்டவர். முதுகு வலிக்கிறது என்றுகூடச் சொல்ல மறந்துபோனேன்.

பல வருடங்களுக்கு எனக்கு ஒரு ரகசியமான பெருமை இருந்தது. தாவோவை நான் புரிந்துகொள்ளவில்லை, சரி. ஆனால் என் மூலமாக ஒரு குழந்தை புரிந்துகொண்டாள் அல்லவா? இதை என் மனைவியிடம் அடிக்கடி சொல்வேன். பிறகு ஒரு ஜூன் மாதம், பழனியம்மா தன் மகனை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க அழைத்து வந்தாள். அன்று என் மனைவி எனக்குச் சாப்பாடு கொண்டுவந்திருந்தாள். நல்ல சாட்சி இருக்கட்டும் என்று அவளை வைத்துக்கொண்டே கேட்டேன்.

"ஏம்மா, அன்னைக்கு மேடையில உக்காந்தியே, மனசுல என்ன நெனச்சுக்கிட்டு உக்காந்த?"

பழனியம்மா வெட்கப்பட்டாள். "ஒண்ணுமில்லீங்க சார். அன்னிக்கு நொம்பக் குளிருங்க. அந்த லைட்டுக்குக் கீழ மட்டும் கதகதன்னு இருந்துச்சு. எந்திரிக்க மனசு வல்லீங்க."

என் மனைவி சாப்பாட்டுக் கேரியரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் பக்கத்து வகுப்புப் பிள்ளைகள் ஜன்னலுக்கு வந்துவிட்டார்கள். மறுபடி கேரியரைத் தூக்கவே அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

இன்றும் எங்கள் வீட்டில் யாரும் யாரையும் எழுந்திரு என்று இரண்டாம் தரம் சொல்வதில்லை. மார்கழிக் குளிரில் காலைவெயில் விழும் இடமாகப் பார்த்து நாற்காலியைப் போட்டு நான் பேப்பர் படிப்பேன். கடைக்குப் போய்வரச் சொல்லி உள்ளேயிருந்து ஒரு குரல் வரும். நான் அசையமாட்டேன். கொஞ்ச நேரத்தில் என் மனைவி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வாசலுக்கு வந்து நின்று, ரொம்ப மரியாதையாகக் கேட்பாள்.

"ஏனுங்க, தூக்கிக்கிட்டுப் போகட்டுங்களா?"