களவெட்டியில் ஒரு கழித்தல் கணக்கு

பொறாமைக்காரனிடம் பிள்ளையைப் படிக்க விடக்கூடாது. முப்பது வருடம் வாத்தியாராக இருந்தவன் சொல்கிறேன், நம்பலாம். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன். என் சொந்தப் பிள்ளைகள் ஒருநாளாவது கொப்பியை என்னிடம் நீட்டியதில்லை. அதற்குக் காரணம் நானேதான்.

உலக யுத்தம் தொடங்குவதற்கு முந்திய காலம். படித்து முடித்து, வேலைக்கு மனுப் போட்டுவிட்டு, களுவாஞ்சிக்குடியில் தலைவாரிக்கொண்டு திரிந்தேன். (அப்போது தலைவாருவதே எனக்கு முழுநேர உத்தியோகம்.) என் தாய்மாமன் கந்தப்போடியாருக்கு வாவிக்கு அக்கரையில், படுவான்கரையில், பெரிய வயல். அவர் மகள் தெய்வானை எனக்கு மச்சாள். 'உனக்குத்தான்' என்று சொல்லியே இருவரையும் வளர்த்திருந்தார்கள். அந்த நம்பிக்கையில் நான் பாட்டுக்கு இருந்துவிட்டேன்.

அப்போதுதான் செல்லத்துரை வந்து சேர்ந்தார். செட்டிபாளையத்துக்காரர், பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்த வாத்தியார், சைக்கிள் வைத்திருந்தார். தெய்வானையின் தம்பி தம்பிராசா ஐந்தாம் வகுப்பில் கணக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். அவனுடைய வீட்டுக் கணக்கைப் பார்க்கவென்று செல்லத்துரை பின்னேரம்தோறும் மாமா வீட்டுக்கு வரத் தொடங்கினார். புளியங்கொட்டைகளைப் பரப்பி வைத்துக் கூட்டக் கழிக்கக் காட்டினார். தம்பிராசாவுக்குக் கணக்கும் வரத் தொடங்கியது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஆனால் மாமி அவருக்கு எருமைத் தயிரை மேலாடையோடு வெட்டி, சர்க்கரை போட்டு வைத்தார். எனக்கு வழக்கம்போலச் சட்டியின் அடித்தயிர். தயிர்ச் சட்டியைக் கொண்டுவருவது தெய்வானை. எனக்கு வயிறு எரிந்தது. வேலிக்கு வெளியே சாத்தியிருந்த அந்தச் சைக்கிளின் காற்றை இரண்டு தடவை திறந்துவிட்டேன். (இதை இன்றுதான் முதன்முதலாகச் சொல்கிறேன்.)

அறுவடை வந்தது. மாமாவும் தம்பிராசாவும் வயல்வாடியில், காவல் குடிசையில், தங்கப் போய்விட்டார்கள். திங்கட்கிழமை காட்டவேண்டிய இருபது கணக்கும் அவனோடு தோணியேறிப் போயின. வாத்தியாரின் சைக்கிள் வாவியைத் தாண்டாது. இதைவிட நல்ல தருணம் வாய்க்குமா? அடுத்த தோணியில் நான் போனேன்.

நெல் அடிக்கிற களத்தை எங்கள் பக்கத்தில் களவெட்டி என்போம். அங்கே பேச்சே வேறு. நெல்லைப் 'பொலி' என்றுதான் சொல்ல வேண்டும். அளக்கும்போது ஒன்று என்று எண்ணக் கூடாது, 'லாபம்' என்று தொடங்க வேண்டும். 'இல்லை', 'முடிந்தது', 'காணாது' என்ற சொற்கள் வாயில் வரவே கூடாது. வந்தால் பூதம் கேட்டு, விளைவை வாரிக்கொண்டு போய்விடும். இதெல்லாம் எனக்குத் தெரியாததல்ல. தொட்டிலில் கிடக்கும்போதே தெரியும்.

தூற்றி முடித்த நெல் குவிந்து கிடந்தது. மாமா அளக்க ஆயத்தமாகிக்கொண்டிருந்தார். நான் தம்பிராசாவை அவர் காதில் விழும் தூரத்தில் இருத்தி, செல்லத்துரை கொடுத்த மாம்பழக் கணக்கையெல்லாம் நெல்லுக் கணக்காக மாற்றிக் கேட்டேன். அவனுக்கு ஊரையே எழுப்புகிற தொண்டை. ஏழு கூட்டல் கணக்குக்கும் சரியான விடையை முழங்கினான். மாமா திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் நான் ஒரு சட்டி மேலாடையைக் கண்டேன்.

எட்டாவது, கழித்தல். தம்பிராசா தயங்கினான்.

"மச்சான், இத வீட்ட போய்ச் செய்வமே. கழித்தல களவெட்டியில செய்யாத எண்டு செல்லத்துரை வாத்தியார் சொன்னவரு."

அந்தப் பெயரைச் சொல்லாமல் இருந்திருந்தால் நான் தப்பியிருப்பேன். அந்த ஆள் வாவியைத் தாண்டாமலே வந்து என் தலையில் ஏறி உட்கார்ந்துவிட்டார் என்று பட்டது. "அவருக்கு என்ன தெரியும்? நான் சொல்றன், செய்" என்று அதட்டினேன். அதோடும் விட்டேனா? கணக்கில் வந்த யாரோ ஒருவனைத் தூக்கிவிட்டு மாமாவையே உள்ளே வைத்தேன்.

"உங்க அப்பாட பொலி நாப்பது அவணம். பதினஞ்ச விதைக்கு எடுத்தாரு, இருபத்தஞ்ச வித்தாரு. மறுகா மிச்சம் எவ்வளவு?"

அதே நேரம் மாமா முதல் மரைக்காலை நிரப்பி, "லாபம்" என்று வாயெடுத்தார்.

"ஒண்டுமில்ல!" என்று முழங்கினான் தம்பிராசா.

சாக்குப் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றார்கள். மாமாவின் கையிலிருந்த மரைக்கால் நழுவியது. அவர் முகம் சிவந்தது, உதடு துடித்தது, ஆனால் களவெட்டியில் ஏசவும் கூடாது. 'போ' என்ற சொல்லைக்கூட அங்கே சொல்ல முடியாது. பாவம், மனிதர் பல்லைக் கடித்துக்கொண்டு மங்கலச் சொல்லாகத் தேடினார்.

"மருமகன்," என்றார், "நீ வீட்டில பொலி."

என் ஆயுளில் அதைவிட மோசமான ஏச்சு வாங்கியதில்லை.

அளவை நிறுத்தி, பூசாரிக்கு ஆளனுப்பி, தேங்காய் உடைத்துப் பரிகாரம் செய்ய அரைநாள் ஆனது. பூதம் வந்ததோ தெரியாது, பின்னேரம் மழை வந்தது. வைக்கோல் போட்டு மூடியும் ஓரத்து நெல் நனைந்து, இரண்டு அவணம் முளைத்துப்போனது.

நான் துறையில் இறங்குவதற்குள் செய்தி எனக்கு முந்திய தோணியில் இறங்கியிருந்தது. கரையில் செல்லத்துரை சைக்கிளோடு நின்றார். சிரித்திருந்தால் அடித்திருப்பேன். அவரோ, "நனைஞ்சிட்டீங்க, ஏறுங்க அண்ணன்" என்றார். நான் காற்றுத் திறந்துவிட்ட அதே சக்கரத்தின் மேல் குந்திக்கொண்டு, தெய்வானை வீட்டு வேலியைக் கடந்து போனேன். அவள் வாசலில் நின்றாள்.

கலியாணப் பேச்சு அதோடு முடிந்தது என்றுதான் ஊரும் நானும் நினைத்தோம். செல்லத்துரைக்குத்தான் தெய்வானை என்று நானே தீர்த்துக்கொண்டு மூன்று நாள் சோறு தின்னவில்லை. (இரண்டு நாள். மூன்றாம் நாள் கருவாட்டுக் குழம்பு.) ஆனால் தம்பிராசா தமக்கையிடம் ஒன்றைச் சொல்லியிருக்கிறான்: வாத்தியாரின் பெயரைச் சொன்னதும் மச்சானின் முகம் கறுத்துப்போயிற்று என்று. தெய்வானை அதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாளாம். பிறகு தாயிடம் போய், கட்டினால் அந்தக் கறுத்த முகத்தைத்தான் கட்டுவேன் என்றாளாம். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு, மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவான். ஆகவே முடிவும் மாமியுடையது. மாமா குதித்ததற்கு மாமி ஒரே பதில் சொன்னார்.

"வயலுக்கு ஆகாதுதான். வீட்டுக்கு ஆகும்."

செல்லத்துரை எங்கள் கலியாணத்துக்கு வந்து வயிறாரச் சாப்பிட்டார். பிறகு அடுத்த ஒழுங்கையிலேயே பெண் எடுத்துக் குடியிருந்தார். என் பிள்ளைகள் ஐவரும் பின்னேரமானால் கொப்பியைத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்குத்தான் ஓடினார்கள். பார்க்கும்போதெல்லாம் வயிறு எரியும், இப்போதும் எரிகிறது. ஒருமுறை கடைக்குட்டி பாதை மாறிக் கொப்பியோடு என்னிடம் வந்தாள். நான் மூக்குக் கண்ணாடியை எடுப்பதற்குள் தெய்வானை குசினிக்குள்ளிருந்து சொன்னாள்:

"அப்பாட்டக் கேக்காத புள்ள. வீட்டில நெல்லுக் கிடக்கு."