வேனுக்குள்ள பெட்ரோல் வாடை

உக்காருங்கப்பா. பேச்ச நிறுத்துங்க. கதவோரம் கிசுகிசுக்கிற ஜோடி, உங்களையும்தான். உங்களுக்குத்தான் இந்தக் கதை ரொம்ப அவசியம்.

பூட்டு ரிப்பேர்காரன் ஒருத்தன். குளிர்காலத்துல ஒரு காய்ச்சல் வந்துச்சு. போகும்போது அவன் மோப்பத்தையும் சேத்து எடுத்துட்டுப் போயிடுச்சு. இப்ப மூக்கு இருக்கறது மூக்குக்கண்ணாடி நிக்கறதுக்கு மட்டும்தான். இத அவன் பொண்டாட்டிகிட்ட சொல்லல. அவ தையல்காரி. வாயே கத்தரிக்கோல்.

அந்த மூக்க வெச்சுக்கிட்டுப் போய்த்தான் ஒரு பழைய வேன் வாங்கினான். உள்ளயே கட்டில், அடுப்பு, கைகழுவத் தொட்டி. பாக்க வந்தவங்க எல்லாரும் மூக்கப் பொத்திக்கிட்டு ஓடினாங்க. ஊர் முழுக்க ஜலதோஷம் போலன்னு நெனச்சான்.

வாடகை வீடு காலி. சாவி சாயங்காலம் கைமாறிடும். இனிமே வேன்தான் வீடு. இல்லைன்னா மச்சான் வீடு. அங்க போறதுக்கு மண்ணுக்குள்ள போயிடலாம்னு சொன்னவன் இவன்.

வேன் கதவத் தெறந்ததும் அவ மூக்க மூடினா.

"என்னங்க, பெட்ரோல் நாறுது!"

"லேசா."

"லேசாவா? தலைய சுத்துது. கதவச் சாத்திட்டு இதுல படுத்தா காலையில ஒருத்தரும் எந்திரிக்க மாட்டோம். பொட்டில வைக்கறதுக்கு முன்னாடியே பொட்டிக்குள்ள படுக்கச் சொல்றீங்களா? அப்பாவுக்கு ஏற்கனவே பாதி நுரையீரல்தான்."

அவளோட அப்பா வெளிய, சக்கர நாற்காலியில. மூச்சு விடுறதே முழுநேர வேலை. அதனால பேசுறதில்ல.

"எங்கருந்து வருதுன்னு கண்டுபுடிங்க. இல்லைன்னா அண்ணனுக்கு போன் போடறேன்."

நம்மாளு குனிஞ்சான். போலீஸ் நாய் தோத்துடும், அப்படி மோந்தான். சீட்ட மோந்தான். திரைய மோந்தான். மாமனார் தலகாணியக்கூட விடல.

"தொட்டிக்கிட்டயா வருது?"ன்னா அவ.

"ஆமாமா! இங்கதான். தாங்க முடியல!"

"அடேங்கப்பா, என்னா மூக்கு!"

தொட்டிக்கு அடியில இருந்தது வெறும் தண்ணிக் குழாய். பாவம், அது என்ன தப்பு பண்ணுச்சு? ஒட்டுற டேப்ப அது மேல சுத்து சுத்துன்னு சுத்தி, ஒடஞ்ச காலுக்குக் கட்டு போட்ட மாதிரி ஆக்கிட்டு, வெளிய தலைய நீட்டினான்.

"இப்ப?"

அவ மூச்ச இழுத்தா. "அட, சுத்தமா போயிடுச்சுங்க!"

அவனுக்கே ஆச்சரியம்.

"அப்ப புது வீட்ல மொதல் டீ. அடுப்பப் பத்த வைங்க." தீப்பெட்டிய அவன் கையில திணிச்சா. அப்பாவ உருட்டிக்கிட்டு தெருவுக்கு அந்தப் பக்கம் போயிட்டா.

"ஏண்டி அவ்ளோ தூரம்?"

"இங்க காத்து நல்லா வருது."

"நீயே வந்து பத்த வையேன்."

"சரி பண்ணது நீங்க. அந்தப் பெரும எனக்கு எதுக்கு?"

பெட்டிய இறுக்கிப் புடிச்சுக்கிட்டு நின்னான். வாடை போயிடுச்சா? நெசமாவே போயிடுச்சா? மூச்ச இழுத்தான். ஒண்ணுமில்ல. போயிருந்தாலும் ஒண்ணுமில்ல, இருந்தாலும் ஒண்ணுமில்ல. பத்த வெச்சா வேனும் இல்ல, அவனும் இல்ல. வைக்கலைன்னா மச்சான் வீடு. சட்டை முதுகோட ஒட்டிக்கிச்சு. தன்னோட சாவ நெனச்சுப் பாத்தான். மச்சான் சிரிப்ப நெனச்சுப் பாத்தான். எது மோசம்னு ரொம்ப நேரம் வெளங்கல.

கடைசில கத்திட்டான். "எனக்கு மோப்பமே கெடையாதுடி! காய்ச்சல்லயே போயிடுச்சு!"

"தெரியும். தீஞ்ச பால பிரமாதம்னு குடிச்சீங்களே, அன்னிக்கே தெரியும். கட்டிலுக்கு அடியில, பெட்ரோல் டாங்குக்குப் போற ரப்பர் குழாய் வெடிச்சு பலகையே ஊறிக் கெடக்கு. காலையிலயே பாத்துட்டேன். அப்பவே போன் போட்டுட்டேன், நம்மளக் கூட்டிட்டுப் போக அண்ணன் கெளம்பிட்டாரு. உங்க வாயால வரட்டும்னுதான் இருந்தேன்."

"அடிப்பாவி! நான் உரசியிருந்தா?"

"எத உரசுவீங்க? தெறந்து பாருங்க."

தெறந்தான். பெட்டிக்குள்ள ஒரு குச்சிகூட இல்ல.

"காலிப் பெட்டிக்கா இந்த நடுக்கம் நடுங்கினேன்? எனக்கு எப்படித் தெரியும்?"

அதுவரைக்கும் மூச்ச மட்டும் விட்டுக்கிட்டிருந்த மாமனார் வாயத் தெறந்தாரு.

"ஆட்டிப் பாத்திருக்கலாமே மாப்ளே. காதாவது கேக்குதுல்ல?"