மூக்குப் பதக்கம்

மனித குலம் இதுவரை எத்தனையோ மகத்தான மூக்குகளைக் கண்டிருக்கிறது. ஆனால் ஒரே ஒரு மூக்கை நம்பிக் கடல் கடந்து வந்து, பாத்திரம் கழுவும் தொட்டியிலிருந்து உணவக முதலாளி நாற்காலி வரை ஏறியவர் நம் முதலாளி ஒருவர்தான். அது அவருடைய மூக்கு இல்லை என்பதால் சாதனையின் பெருமை குறைந்துவிடாது.

இருபது வருடங்களுக்கு முன் அவரும் மனைவியும் அந்த உணவகத்தில் பாத்திரம் கழுவச் சேர்ந்தார்கள். ஒருநாள் அங்கிருந்த ஒயின் நிபுணர் கோபித்துக்கொண்டு, கறுப்புக் கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டுப் போனார். கோட்டை ஒவ்வொருவருக்கும் போட்டுப் பார்த்தார்கள். இவருக்கு அளவெடுத்துத் தைத்தது போல் இருந்தது. அந்த நிமிடமே இவர் 'ஒயின் நிபுணர்' ஆனார். பல பெரிய நியமனங்கள் இந்த அளவு ஆராய்ச்சிகூட இல்லாமல்தான் நடக்கின்றன.

சின்னக் குறை ஒன்று உண்டு. விமானத்தை விட்டு இறங்கிய நாள் முதல் அவருக்குத் தீராத மூக்கடைப்பு. மண்ணெண்ணெயையும் பன்னீரையும் பக்கத்தில் வைத்தால் நிறத்தைப் பார்த்துத்தான் சொல்வார். மனைவிக்கோ, மாடிப்படியில் யாராவது குடையை உதறினால் அது எந்த அலமாரியில் கிடந்த குடை என்று தெரியும். ஆகவே புட்டிகளை அவள் சமையலறையில் திறந்து, தக்கையை முகர்ந்து, பரிமாறும் ஜன்னல் வழியாகத் தமிழில் குரல் கொடுப்பாள்.

"மழையில நனைஞ்ச சாக்கு. கூடவே கொஞ்சம் பென்சில் சீவல்."

இவர் கோப்பையைச் சுழற்றி, கண்ணை மூடி, அதையே வாடிக்கையாளரின் மொழியில் சொல்வார். மேஜையே சொக்கிப் போகும். அவள் "கெட்டுப்போச்சு" என்றால் புட்டி நேரே தொட்டியில் கவிழும். "என் மூக்கு ஒரு தடவையும் தவறியதில்லை" என்று இவர் அடக்கத்தோடு அறிவிப்பார். உள்ளே என்ன குரல் என்று கேட்டவர்களிடம், மனைவிக்குப் பாடும் பழக்கம் உண்டு என்றார். பழைய முதலாளி ஓய்வுபெற்றபோது இந்த மூக்கை நம்பித்தான் உணவகத்தையே இவரிடம் ஒப்படைத்தார்.

அப்புறம்தான் 'முகர்திறன் மன்றம்' இவருக்குப் பதக்கம் தரலாமா என்று பார்க்க மூன்று நடுவர்களை அனுப்பியது. அவர்கள் வருகிற அன்று காலையில் பத்திரிகையில் இவருடைய பேட்டி வெளியானது. படத்தில் மனைவியின் முழங்கை மட்டும் தெரிந்தது. கீழே, 'மனைவி சமையலறையில் ஒத்தாசையாக இருக்கிறார்' என்று ஒரு வரி. அவள் அதை இரண்டு முறை படித்துவிட்டு மடித்து வைத்தாள்.

"இன்னிக்கு எனக்குப் பாட்டு வரலைங்க" என்றாள்.

மதியம் நடுவர்கள் வந்து உட்கார்ந்தார்கள். வழக்கம்போல் சமையலறையில் திறந்து வந்த மூன்று புட்டிகள், மூன்று கோப்பைகள். முதல் கோப்பையை இவர் முகர்ந்தார். ஜன்னலிலிருந்து கரண்டிச் சத்தம்கூட வரவில்லை. இவர் வியர்த்துப் போய் ஒரு முழு நிமிடம் வாய் திறக்காமல் நின்றார். 'ஆழ்ந்த மௌனம்' என்று நடுவர்கள் குறித்துக்கொண்டார்கள்.

இரண்டாவது கோப்பையை எடுத்தபோது குரல் வந்தது.

"இருபது வருஷமா இருட்டுல கிடக்குது. யாரும் எட்டிப் பாக்கல."

வேறு வழியில்லாமல் இவர் அதையே மொழிபெயர்த்தார். தலைமை நடுவர் புட்டியைத் திருப்பிப் பார்த்தார். சரியாக இருபது வருடம். அவருக்கு மயிர்க்கூச்செறிந்தது.

"மேல மினுக்கு, உள்ள ஒண்ணுமில்ல" என்றது ஜன்னல், மூன்றாவதற்கு. "வாய் மட்டும் நீளம்."

இவர் தழுதழுத்த குரலில் அதையும் சொன்னார். இப்படி ஒரு நேர்மையான விமர்சனத்தைத் தன் பணிக்காலத்திலேயே கேட்டதில்லை என்று தலைமை நடுவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பதக்கம் அங்கேயே இவர் கழுத்தில் ஏறியது. இந்த நல்ல நேரத்தில் பாடகியும் இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்றார்கள்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். கணவனைப் பார்த்து மெதுவாகத்தான் பேசினாள்.

"நான் பாடலைன்னு சொல்லுங்க. மோந்து பாத்தது நான்னு சொல்லுங்க. ஒரே ஒரு தடவை, இவங்க முன்னாடி. பதக்கத்தை நீங்களே வெச்சுக்கங்க, எனக்கு வேணாம்."

இவர் பதக்கத்தைத் தொட்டுப் பார்த்தார். அவளைப் பார்த்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

இப்படி ஒரு கணவர் கிடைத்தது தன் பாக்கியம் என்று மனைவி சொல்வதாக மொழிபெயர்த்தார்.

பலத்த கைதட்டல். அந்த மொழியில் அவளுக்குப் பேச வராதே தவிர, கேட்டால் எல்லாம் புரியும். அவள் அருகில் வந்து, கோட்டின் கழுத்துப் பட்டையை ஒரு விரலால் விலக்கி, குனிந்து கணவனை ஒரு முறை ஆழமாக முகர்ந்தாள்.

"கெட்டுப்போச்சு" என்றாள். ஏப்ரனைக் கழற்றி அவர் தோளில் போட்டுவிட்டு, தெருக்கதவைத் திறந்துகொண்டு போனாள்.

அவள் என்ன சொன்னாள் என்று நடுவர்கள் ஆவலோடு கேட்டார்கள். இவருக்கு மொழிபெயர்ப்பு வரவில்லை. அந்த மூக்கு ஒரு தடவையும் தவறியதில்லை. ஊருக்கெல்லாம் அவரே சொல்லியிருக்கிறார்.