ஐயோ சாரும் அலமாரிச் செடியும்

கொடைக்கானலில் பனிமூட்டம் இல்லாத நாள்கூட உண்டு. ஐயோ சார் கவலைப்படாத நாள் கிடையாது. ஊரிலுள்ள அத்தனை பேருடைய கவலையையும் மொத்தமாகக் குத்தகைக்கு எடுத்திருந்தார் அவர். நாங்களெல்லாம் நிம்மதியாகத் தூங்கினோம் என்றால், எங்கள் பங்குக்கும் சேர்த்து அவர் பயந்துகொண்டிருந்தார் என்று அர்த்தம்.

ஏரிக்கு மேலே ஏறும் சாலையில் இருந்த ஒரு சின்ன லாட்ஜுக்கு அவர் மேனேஜர். ஊர் முழுக்கப் பிரௌசிங் சென்டர்கள் முளைத்திருந்த, இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த வருடங்களில், நான் அங்கே ரிசப்ஷனில் உட்கார்ந்திருந்தேன். அவருக்கு ஒரு நிஜப் பெயர் இருந்தது. எதைச் சொல்ல வந்தாலும் "ஐயோ" என்று ஆரம்பிப்பதால் முதலாளியிலிருந்து பால்காரர் வரை அவரை "ஐயோ சார்" என்றே கூப்பிட்டார்கள்.

காலை ஒன்பது மணிக்கு எந்த அறையாவது திறக்காமல் இருந்தால் போய்த் தட்டுவார். "ஐயோ, ஒண்ணுமில்லைங்க. நல்லா இருக்கீங்களான்னு பாத்தேன்." தேனிலவுக்கு வந்த ஜோடிகள் இந்த அக்கறையைப் பெரிதாக ரசித்ததில்லை. குதிரைச் சவாரிக்குக் கிளம்புகிறவர்களிடம், "குதிரைக்கு உங்களப் பிடிக்கலைன்னா அது சொல்லாதுங்க, பாத்துக்கங்க" என்பார். பாதிப் பேர் படகுக்கு மாறிவிடுவார்கள். அவர்களிடம் படகைப் பற்றி வேறொன்று சொல்வார்.

இப்படிப்பட்ட மனிதரின் லாட்ஜில்தான் அந்தச் செடி வளர்ந்தது.

ஏழாம் அறையில் ஒரு வெள்ளைக்காரர் மாதக்கணக்கில் தங்கியிருந்தார். தாடி, கம்பளிக் குல்லா, எல்லாரையும் பார்த்து ஒரு சிரிப்பு. அறையை யாரும் பெருக்கக்கூடாது என்பது மட்டும்தான் அவருடைய நிபந்தனை. ஒருநாள், கோவா வரை போய்வருகிறேன் என்று அறையைப் பூட்டிக்கொண்டு கிளம்பினார். அன்று சாயங்காலமே ஐயோ சார் ஓடிவந்தார்.

"ஐயோ தம்பி! ஏழாம் நம்பர்ல லைட்டு எரியுது. கதவுக்கு அடியில தெரியுது. ஒயர் கியர் பத்திக்கிச்சுன்னா?"

மாற்றுச் சாவியை எடுத்துப் போய்த் திறந்தோம். அறை இருட்டாக இருந்தது. வெளிச்சம் மர அலமாரியின் இடுக்கிலிருந்து வந்தது. அலமாரியைத் திறந்தால், உள்பக்கம் முழுக்க வெள்ளிக் காகிதம், நாலைந்து சிஎஃப்எல் பல்புகள், அதன் கீழே ஒரு தொட்டியில் முழங்கால் உயரத்துக்கு அடர்த்தியாக ஒரு செடி.

"தக்காளியா தம்பி?" என்றார். அந்தக் குரலில் இருந்த கெஞ்சலை என்னால் மறக்க முடியாது.

"சார், இது கஞ்சா."

அவர் 'ஐயோ' சொல்லவில்லை. அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். அப்போதுதான் எனக்கும் பயம் வந்தது.

பிடுங்கி எறிந்துவிடுவோம் என்றேன். எங்கே எறிவது? குப்பையில் போட்டால் நகராட்சிக்காரர்கள் பார்ப்பார்கள். புதைத்தால் நாய் தோண்டும். போலீஸிடம் நாமே போய்ச் சொன்னால், இத்தனை நாள் என்ன செய்தாய் என்று கேட்பார்கள். எல்லாக் கதவையும் அவரே திறந்து, அவரே மூடினார். கடைசியில் செடியைப் பார்த்து, "மண்ணு காஞ்சு கெடக்கு" என்றார். குளியலறை மக்கில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார். வினை அங்கேதான் பிடித்தது.

மறுநாளிலிருந்து அவருக்கு ஜெயிலைப் பற்றி ஒரு கவலை, செடியைப் பற்றி ஒரு கவலை. அடியில் சில இலைகள் மஞ்சளாகிவிட்டன. மேலே இலை மேல் இலையாக மூடிக்கொண்டு, உள்ளே காற்றே போகவில்லை. கொடைக்கானல் ஈரத்தில் தோல் செருப்பே பூஞ்சை பூக்கும்; செடி என்ன ஆகும்? இலைகளைக் கிள்ளிவிடலாமா, வேண்டாமா?

இந்த நேரத்தில் கோவாவிலிருந்து வெள்ளைக்காரர் போன் செய்தார். ஐயோ சார் ரிசீவரைப் பிடுங்கி, தன் லாட்ஜ் இங்கிலீஷில் அவரை வறுத்தெடுத்தார். இது குற்றம், நான் குடும்பஸ்தன், நீ உடனே வா, வந்து எடு. சொல்லி முடித்து, மூச்சு வாங்கிக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார். "சார், ஒன் டவுட். லோயர் லீவ்ஸ் யெல்லோ. ரிமூவ் ஆர் நாட் ரிமூவ்?"

அவர் ஏதோ சொல்ல, இவர் முகம் சுருங்கியது. "ஆட்டோங்கிறான் தம்பி. கொடைக்கானல்ல ஏது ஆட்டோ?"

நான் ரிசீவரை வாங்கிக் கேட்டேன். 'ஆட்டோ' என்றால், தானாகவே பூக்கிற ரகமாம். வெளிச்சம் எவ்வளவு நேரம் என்றெல்லாம் பார்க்காது. வயசு வந்தால் பூத்துவிடும். மொத்த ஆயுளே இரண்டு மூன்று மாதம்தான். அதனால் இலைகளை நிறையக் கிள்ளினால் தேறி வர அதற்கு நேரம் இருக்காது. கிள்ளாமலே விட்டால் ஈரத்தில் அழுகலாம். கொஞ்சமாக எடு என்று சொல்லும்போதே லைன் போய்விட்டது.

"கொஞ்சம்னா எத்தன தம்பி?" என்று என் சட்டையைப் பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு அந்த ஆள் கூப்பிடவே இல்லை.

பிரௌசிங் சென்டருக்குப் போனோம். நான் டைப் செய்ய, அவர் தன் சால்வையை விரித்துக் கம்ப்யூட்டரையும் என் தலையையும் சேர்த்து மூடினார். உள்ளே என்ன படம் ஓடுகிறதோ என்று கடையே எங்களைப் பார்த்தது. இணையத்தில் எங்கெங்கோ இருக்கிறவர்கள் இதே கேள்விக்காக அடித்துக்கொண்டிருந்தார்கள். கிள்ளாதவன் முட்டாள் என்று ஒருவர். தானாகப் பூக்கிற செடியில் கை வைக்கிறவன் கொலைகாரன் என்று இன்னொருவர். அதற்கு மேல் ஒரே கெட்ட வார்த்தை.

சால்வைக்குள்ளே ஐயோ சார் கலங்கிப்போனார். "ஐயோ, வெட்டிக்குவாய்ங்க போலிருக்கே. சமாதானமாப் போகச் சொல்லி ஒரு வரி எழுதுங்க தம்பி."

அடுத்து, அறைகளைப் பெருக்கும் செல்வராணி அக்காவிடம் சுற்றி வளைத்துக் கேட்டார். அவர் சின்ன வயதில் சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து குடும்பத்தோடு வந்தவர். "என் மச்சான் வீட்டுல ஒரு செடி" என்று இவர் ஆரம்பித்ததுமே, அக்கா கையை வீசினார்.

"கிள்ளுங்க சார்! எங்கம்மா தோட்டத்து லயத்து வீட்டுல இருந்த காலத்துல கொழுந்து கிள்ளக் கிள்ளத்தானே செடி தழைக்கும்? யோசிக்கவே வேணாம்."

"ஐயோ, தேயிலைக்கு நூறு வருசம் ஆயுசும்மா. இதுக்கு ரெண்டு மாசம். கிள்ளுனது வலிச்சு முடியறதுக்குள்ள உசுரு போயிருமே."

"மச்சான் வீட்டுச் செடிக்கா இவ்வளவு பயம்?" என்று அக்கா அவரை ஒரு மாதிரி பார்த்தார். இவர் அன்று முழுக்கச் சாப்பிடவில்லை.

தினமும் காலையில் டெட்டால் போட்டுத் துடைத்த கத்தரிக்கோலுடன் ஏழாம் அறைக்குள் போவார். நான் வாசலில் காவல் நிற்பேன். ஓர் இலையைப் பிடிப்பார், கத்தரியைத் திறப்பார், நிற்பார். "மஞ்சள்லயும் கொஞ்சம் பச்ச இருக்கு தம்பி." மூடிவிட்டு வந்துவிடுவார்.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோது ஒரு மத்தியானம் ஏட்டையா வந்தார். டீ குடித்தார். "நாளைக்குப் புது இன்ஸ்பெக்டர் எல்லா லாட்ஜையும் பாக்க வர்றாரு. ரூம் ரூமாப் பாப்பாரு. சும்மா சொல்லி வச்சேன்" என்று போய்விட்டார்.

"நான் புடுங்கிடறேன் சார்" என்றேன்.

"வேணாம். நான்தான தண்ணி ஊத்துனேன். நானே பண்றேன்."

மறுநாள் வெள்ளனே, குளிக்கிற தண்ணீருக்கு பாய்லர் பற்றவைக்கிற நேரத்தில் போனோம். அலமாரியைத் திறந்தார். உச்சியிலும் கணுக்களிலும் வெள்ளை வெள்ளையாக மயிரிழைபோல் ஏதோ நீட்டிக்கொண்டிருந்தது. குனிந்து பார்த்தார்.

"பூத்திருச்சு தம்பி" என்றார். "கிள்ளலாமா வேணாமான்னு நாம யோசிச்சுக்கிட்டே கெடந்தோம். அது பாட்டுக்குத் தன் சோலியப் பாத்திருக்கு."

பிறகு, ஓர் இலையைக்கூட வெட்டாத அந்தக் கத்தரிக்கோலால் செடியை அடியோடு வெட்டினார். துண்டு துண்டாக்கி பாய்லர் அடுப்பில் போட்டோம். தொட்டியையும் பல்புகளையும் அப்புறப்படுத்தினோம்; ஒட்டியிருந்த வெள்ளிக் காகிதம் மட்டும் வரவில்லை. மங்கி கேப்பை மூக்கு வரை இழுத்துவிட்டுக்கொண்டு, புகையை இரண்டு கையாலும் விரட்டினார். விடிந்ததும் அறை அறையாகப் போய், "தல கில சுத்துதாங்களா? காரணமில்லாமச் சிரிப்பு வருதா?" என்று விசாரித்தார். யாருக்கும் எதுவும் இல்லை. ஆனால் இந்தக் கேள்வியில் மிரண்டு ஒரு குடும்பம் அறையைக் காலி செய்துவிட்டது.

இன்ஸ்பெக்டர் வந்தார். ஏழாம் அறைக் கதவில் அவர் கை வைத்த நொடியில், யாரும் கேட்காமலே ஐயோ சார் சொன்னார்: "ஐயோ, அலமாரில ஒண்ணுமில்லைங்க!"

இன்ஸ்பெக்டர் திரும்பினார். "நான் அலமாரியக் கேக்கவே இல்லையே?"

ஐயோ சார் கதவுக்கும் அவருக்கும் நடுவில் போய் நின்றுகொண்டார்.

பின்னால் நின்ற ஏட்டையாதான் சிரித்துவிட்டார். "ஐயா, இவரு இப்படித்தாங்க. போன மாசம் ஸ்டேஷனுக்கே வந்து, லாக்கப்ல இருக்கறவனுக்குப் போர்வை குடுத்தீங்களான்னு கேட்டுட்டுப் போனாரு. எல்லாத்துக்கும் பயம்."

இன்ஸ்பெக்டர் அலமாரியைத் திறந்து பார்த்தார். காலி. வெள்ளிக் காகிதத்தைத் தட்டிப் பார்த்தார். "குளுருக்குங்களா?" என்றார். "ஆமாங்க" என்றேன் நான். தலையாட்டிவிட்டு எட்டாம் அறைக்குப் போனார்.

வெள்ளைக்காரர் திரும்பி வரவே இல்லை. அவர் கோபப்படுவாரோ என்று கொஞ்ச நாளும், அவருக்கு ஏதாவது ஆகியிருக்குமோ என்று மிச்ச நாளும் ஐயோ சார் கவலைப்பட்டார்.

அந்த வருடக் கடைசியில் எனக்கு மதுரையில் வேலை கிடைத்தது. ஐயோ சார் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தார். எலுமிச்சம்பழம், வாந்தி வந்தால் பாலித்தீன் பை, சில்லறை, தலைவலி மாத்திரை. டிரைவரிடம் போய், தூங்கினீர்களா என்று கேட்டுத் திட்டு வாங்கிக்கொண்டு வந்தார். பஸ் நகரும்போது ஜன்னலோடு ஓடிவந்தார். "வெரசாப் போகச் சொல்லாதீங்க தம்பி. போய்ச் சேந்ததும் சொல்லுங்க."

மதுரையில் இறங்கி லாட்ஜுக்குப் போன் செய்தேன். மணி ஒருமுறைகூட முழுதாக அடிக்கவில்லை, எடுத்துவிட்டார். அதற்குப் பிறகு எத்தனையோ ஊர்களுக்கு எத்தனையோ பேருந்துகளில் போயிருக்கிறேன். நான் போய்ச் சேரும்வரை டெலிபோனில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் அவர் ஒருவர்தான்.