ஆறு கால் நண்டு

ஒரு காட்டில், செல்போன் கோபுரத்தில் மைனாக்கள் கூடு கட்டிப் பழகிவிட்ட காலத்தில், வடிவு என்றொரு நண்டு இருந்தாள்.

காட்டில் ஒரே ஒரு டிவி. அது கரடியின் டீக்கடையில் இருந்தது. ஞாயிறு மாலை 'சொல் பார்க்கலாம்' என்ற வினாடி வினா வரும். நடத்துபவர் யானை மாதங்கன். கேள்வியைக் கேட்டுவிட்டு, விடையைச் சொல்லும் முன் தும்பிக்கையைத் தொட்டியில் விட்டுத் தண்ணீர் குடிப்பார். நிதானமாகக் குடிப்பார். அந்த இடைவெளியில் டீக்கடையே விடையைக் கத்தும். கத்துவது டிவிக்குள் போகாது என்று எல்லாருக்கும் தெரியும். இருந்தாலும் ஒருவர் கத்தாமல் உட்கார்ந்திருந்தால், "என்ன, உடம்பு சரியில்லையா?" என்று பக்கத்தில் இருப்பவர் கேட்பார்.

வடிவு, கிளாஸ் கழுவிய தண்ணீர் வழியும் மூலையிலிருந்து கத்துவாள். அவள் கத்தியது ஒருநாளும் தப்பானதில்லை.

அந்தக் கோடையில் ஓடை வற்றியது. வடிவின் வயிற்று மடிப்பில் குஞ்சுகள் ஒட்டிக்கொண்டிருந்தன. தண்ணீரில் இறக்கிவிட வேண்டிய பருவம். டீக்கடை மூலையிலோ ஒரே சோப்பு. மிச்சம் இருந்தது மலைமேல் நிகழ்ச்சிக்காரர்களின் சுனை ஒன்றுதான். ஜெயிப்பவர் கோடை முழுதும் அதில் குடியிருக்கலாம். அதுதான் 'சொல் பார்க்கலாம்' பரிசு.

"இந்த வருஷம் நீ போ வடிவு. போனா சுனை உனக்குத்தான்" என்றது கரடி.

ஆனால் அந்த வருஷம் நிகழ்ச்சி வரவில்லை. அதற்குப் பதிலாக செல்போனில் அதே பெயரில் ஒரு கேம் வந்தது. நரி நவநீதனின் கம்பெனி செய்தது. 'வேடிக்கை பார்த்தது போதும், இனி விளையாடுங்கள்' என்று மரத்துக்கு மரம் விளம்பரம். பரிசு அதே சுனை.

கரடி தன் போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்தது. கூட்டம் முண்டியது. இசை வந்தது, வெளிச்சம் சுழன்றது, பொம்மைப் படமாக மாதங்கன் வந்தார்.

"யாருய்யா இது, கத்திரிக்காய்க்குக் காது வெச்ச மாதிரி?" என்றான் குரங்கு சிங்காரம்.

முதல் கேள்வி வந்தது. மாதங்கன் தண்ணீர் குடித்தார். அவர் குடிக்கும்போது பொத்தான் வேலை செய்யவில்லை. கடிகாரம் மட்டும் ஓடியது. குடித்து நிமிர்ந்தபோது நேரம் முடிந்திருந்தது. உடனே பலத்த கைதட்டல். சரியோ தப்போ, அதே கைதட்டல்தான். கூட்டம் பழக்கதோஷத்தில் விடையைக் கத்திப் பார்த்தது. போன் அதைக் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, தொண்டைப்புண் மிட்டாய்க்கு விளம்பரம் போட்டது.

பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். வடிவு போகவில்லை. அவளுக்கு இன்னொரு சிக்கலும் இருந்தது. கொடுக்கின் ஓட்டுக்கு அந்தத் திரை அசையவே இல்லை.

"என் விரல் இருக்கே அக்கா, வெச்சுக்கோ" என்றான் சிங்காரம்.

"நான் சொல்றதை மட்டும்தான் அழுத்தணும்."

"சொன்னா சொன்னதுதான்."

"தேன் எடுக்கப் போனப்பவும் இதேதான் சொன்னே" என்றது கரடி.

கேள்வி தோன்றுவதற்கும் தும்பிக்கை இறங்குவதற்கும் நடுவே ஒரு கண் சிமிட்டும் நேரம் இருந்தது. அதற்குள் அழுத்தினால் உண்டு. வடிவு முதல் இரண்டு சொல்லைப் பார்த்தே "மூணாவது" என்பாள், "முதல்" என்பாள், சிங்காரம் அழுத்துவான். எழுந்து போனவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். கரடி டீ ஆற்றுவதை மறந்தது. காட்டில் வேறு யாரும் நெருங்காத கடைசிக் கேள்விக்கு வடிவு வந்துவிட்டாள்.

'நண்டுக்குக் கால்கள் எத்தனை? நான்கு. ஆறு. எட்டு.'

டீக்கடை விழுந்து விழுந்து சிரித்தது.

"இதுக்குப் படிச்சுட்டா வரணும்? கூடவே கொண்டு வந்திருக்கியே அக்கா!" என்று சொல்லி, அவள் வாய் திறப்பதற்குள் சிங்காரம் எட்டை அழுத்தினான்.

"தவறு" என்றார் மாதங்கன். "நண்டுக்கு ஆறு கால்கள்." கைதட்டல் எழுந்தது.

வடிவு கொடுக்குகள் இரண்டையும் ஒதுக்கிவிட்டுத் தன் கால்களை எண்ணினாள். எட்டு. கரடி கண்ணாடி போட்டு எண்ணியது. எட்டு.

"ரெண்டைக் கழிச்சுக்கோயேன், எதுக்கு வம்பு?" என்றான் சிங்காரம். யாரும் சிரிக்கவில்லை.

மறுநாள் சிங்காரம் அவளைத் தோளில் வைத்து நவநீதனின் குகைக்குத் தூக்கிப் போனான். உள்ளே ஏசி ஓடியது. வடிவுக்கு ஓடு இன்னும் காய்ந்தது.

"கேள்வி எழுதுனது யாருங்க?"

"எறும்புங்கதான். ராப்பகலா எழுதுவாங்க, ஒரு கேள்வி கேக்க மாட்டாங்க."

விஷயம் வடிவுக்குப் புரிந்துபோயிற்று. எறும்புகள் பிறந்ததிலிருந்து முன்னால் போகிறவரின் ஆறு காலைப் பார்த்தே நடப்பவர்கள். கால் என்றால் ஆறு.

"என் காலை நீங்களே எண்ணிப் பாருங்க தம்பி."

நவநீதன் மரியாதையாகக் குனிந்து எண்ணினான். "எட்டுதான்க்கா. நான் இல்லைங்கலையே. ஆனா கேம் காடு முழுக்கப் போயிடுச்சு. ஒருத்தருக்காக எப்படி மாத்துறது?"

"நண்டைப் பத்தின கேள்வியை ஒரு நண்டுகிட்டயாவது கேட்டிருக்கலாமே?"

"யோசிச்சோம்க்கா. சொந்த விஷயம், பாரபட்சமா சொல்லிடுவீங்களோன்னு விட்டுட்டோம்." வாசல்வரை வந்து வழியனுப்பினான். "மறுபடி ஆடுங்க. இப்பதான் சரியான விடை தெரிஞ்சுபோச்சே!"

திரும்பும் வழியில் வயிற்று மடிப்பில் அசைவு குறைந்திருந்தது. வடிவு வேறெதையும் யோசிக்கவில்லை. டீக்கடையில் மறுபடி ஆடினாள். கடைசிக் கேள்வி வந்தது.

"ரெண்டாவது" என்றாள்.

"அக்கா, அது ஆறு."

"தெரியும். அழுத்து."

போனில் பட்டாசு வெடித்தது. கரடி எல்லாருக்கும் இலவச டீ கொடுத்தது. யாரும் வடிவின் கால் பக்கம் பார்க்கவில்லை.

சுனை வாசலில் கீரி காவல் நின்றது. கையில் கம்பெனி கொடுத்த போன். அதையும் வடிவையும் மாறி மாறிப் பார்த்தது.

"ஜெயிச்சவர் நண்டு, கால் ஆறுன்னு வந்திருக்கு. உங்களுக்கு எட்டு இருக்கே?"

"ஜெயிச்சது நான்தாங்க."

"இருக்கலாம்மா. ஆனா ஆறு கால் நண்டை விடச் சொல்லித்தான் எனக்கு உத்தரவு."

வேலிக்கு அந்தப்பக்கம் தண்ணீர் சொட்டும் சத்தம். ஈரவாடை பட்டதும் குஞ்சுகள் அவள் வயிற்றைப் பிறாண்டின.

கீரிக்கு இளகிய மனசு. "நான் வேணா கொஞ்ச நேரம் அந்தப்பக்கம் திரும்பி நிக்கிறேன்" என்றது.

நண்டுகளுக்கு ஒரு வசதி உண்டு. அவசரத்துக்கு ஒரு காலை உடம்பே கழற்றிவிடும். டக் என்று ஒரு சத்தம். கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. கீரி திரும்பி, ஆறு என்று எண்ணி, "வாழ்த்துகள்" என்று கதவைத் திறந்தது.

"முளைச்சிடும்ல அக்கா?" என்று, அவளைத் தூக்கி வந்திருந்த சிங்காரம் மெதுவாகக் கேட்டான்.

"முளைக்கும். அடுத்த தடவை ஓடு கழற்றும்போது."

"அப்பாடா."

"அன்னிக்கு வெளியே அனுப்பிடுவாங்க."

வடிவு சாய்ந்து சாய்ந்து நடந்து தண்ணீரில் இறங்கி, வயிற்று மடிப்பை விரித்தாள். குஞ்சுகள் பொலபொலவென்று கொட்டி நாலாபக்கமும் ஓடின.

கீரி கரையிலிருந்து எட்டிப் பார்த்தது. "இதுங்களுக்கு எத்தனை கால்?"

"ஆறு" என்றாள் வடிவு.

கீரி குனிந்து எண்ணிப் பார்த்தது. ஒரு குஞ்சாவது நின்றால்தானே!

நீதி: விடை தப்பாக இருந்தால் கேள்வி கேட்டவரைத் தொந்தரவு செய்யாதே, கழற்றிப்போட உன்னிடமே இரண்டு கால் அதிகமாக இருக்கும்.