மாப்பிள்ளை தின்னும் பெட்டி

கம்ப்யூட்டர் மறுபடியும் ஒரு மாப்பிள்ளையைத் தின்றுவிட்டது.

"நல்லாப் பாரும்மா. ரெனேன்னு அடிச்சுப் பாரு. துலூஸ்ல தபால் ஆபீஸ்ல இருக்கறவன். வீட்டுக்கு ஒரே புள்ள" என்றார் அரிகிருஷ்ணன்.

கமலவேணி அடித்துப் பார்த்தாள். திரையில் பச்சை எழுத்தில் ஒரு வரி வந்து நின்றது.

"இல்லப்பா."

"நேத்து இருந்தானே?"

"நேத்து இருந்தாரு. இன்னிக்கு இல்ல."

எதிர் நாற்காலியில் மகள் ஜாதகத்தை மடியில் வைத்துக் காத்திருந்த அரியாங்குப்பம் பாவாடை என்பவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"இன்னா அண்ணே, போன மாசமும் இப்படித்தான் ஒருத்தனைக் காணோம்னீங்க. பக்கிரி கிட்டப் போனா கண்ணை மூடிக்கிட்டே சொல்றாரு."

பக்கிரி பேரைச் சொன்னதும் அரிகிருஷ்ணனுக்கு வயிறு எரிந்தது. முத்தியால்பேட்டையில் இரண்டு கல்யாணத் தரகர்கள். ஒருவர் இவர். இன்னொருவர், அடுத்த தெருவில் இருக்கும் பக்கிரி. இருவருக்கும் சரக்கு ஒன்றுதான்: பிரெஞ்சு நேஷனாலிட்டி உள்ள மாப்பிள்ளைகள். அந்த ஊரில் அந்த ஒரு தகுதி இருந்தால் போதும், மாப்பிள்ளைக்குத் தலையில் முடி இருக்கிறதா என்றுகூட யாரும் கேட்பதில்லை. பிரெஞ்சுக்காரன் பாண்டிச்சேரியை விட்டுப் போனபின், பிரான்ஸா இந்தியாவா, எந்த நாடு வேண்டும் என்று எழுதிக் கொடுக்கச் சொன்ன வருஷத்தில் அரிகிருஷ்ணனின் அப்பா "நமக்கெதுக்கு அதெல்லாம்" என்று சும்மா இருந்துவிட்டார். அதனால் பிள்ளை அடுத்தவன் பாஸ்போர்ட்டைக் காட்டிப் பிழைக்க வேண்டியதாயிற்று.

கம்ப்யூட்டர், கமிஷனுக்குப் பதிலாக பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த ஒரு சொல்தா குடும்பம் பாரிஸிலிருந்து கொண்டுவந்து கொடுத்தது. எழுத்துகள் இடம் மாறிக் கிடக்கும் அந்தப் பிரெஞ்சு கீபோர்டு கமலவேணிக்கு மட்டும்தான் படிந்தது. பெட்டி வந்த அன்று அப்பா அவளிடம் சொன்னார்: "எல்லா ஜாதகத்தையும் ஏத்தி முடி. அப்புறம் ஒனக்கு ஏத்தவனை மிஷினே துப்பிடும்."

அவளுக்கு அப்போது இருபத்தொன்பது. கேட்டை நட்சத்திரம். கேட்டைக்காரி புருஷனுடைய அண்ணனுக்கு ஆகாது என்று ஊரே சொல்லும்போது, அவள் ஜாதகத்தைக் கையில் வாங்கவே பலர் பயந்தார்கள். இரண்டு வருஷமாக அவள் ஊரார் ஜாதகங்களை ஏற்றிக்கொண்டிருந்தாள். அவளுக்கென்று மிஷினில் தேடிப் பார்க்க அப்பாவுக்கு ஒரு நாளும் ஒழியவில்லை.

"நம்ம பொண்ணுக்கு எப்ப பாக்கப் போறீங்க?" என்று சோறு போடும்போதெல்லாம் மணியம்மாள் கேட்பாள்.

"லிஸ்ட்டே ஓட்டையா ஒழுவுது. மொதல்ல அது பத்திரமாவட்டும். தை பொறந்ததும் மொத வேலை அவளுதுதான்."

மணியம்மாள் அடுத்த கரண்டிச் சோற்றை இலையில் வைக்கவில்லை, போட்டாள்.

நேரு வீதியில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்த கண்ணையன் ஒரு யோசனை சொன்னான். எல்லாவற்றையும் ஃப்ளாப்பியில் இன்னொரு காப்பி எடுத்து வைக்க வேண்டுமாம். அரிகிருஷ்ணன் ஒரு டப்பா ஃப்ளாப்பி வாங்கி வந்தார். கமலவேணி காப்பி எடுத்துக் கொடுத்தாள். பத்திரமான இடம் சாமி அலமாரிதான் என்று தோன்றியதால் அங்கே வைத்தார்.

வெள்ளிக்கிழமை வந்தது. புதுப் பொருளைச் சும்மா வைக்கலாமா? மணியம்மாள் ஒவ்வொரு ஃப்ளாப்பிக்கும் சந்தனம் தடவிக் குங்குமம் வைத்தாள். அட்டையின் நடுவே திறந்திருந்த பழுப்பு இடம் பொட்டு வைக்கவே விட்டது போலத் தோதாக இருந்தது.

பத்து நாள் கழித்து ஒன்றை எடுத்து மிஷினில் செருகினார்கள். மிஷின் கரகரவென்று அரைத்தது. பிறகு மௌனமாகிவிட்டது.

கண்ணையன் பெட்டியைத் திறந்து மூக்கைக் கிட்டே கொண்டுபோனான். "இன்னாங்க, கோயில் வாசனை வருது?"

மிஷின் ஒரு வாரம் அவன் கடையில் கிடந்தது. அந்த வாரத்தில் இரண்டு பார்ட்டிகள் பக்கிரியிடம் போய்விட்டன. திரும்பி வந்த மிஷினில் மார்சேய் மாப்பிள்ளை ஒருவனைக் காணோம். நாலு தம்பிகளைப் படிக்க வைத்த பொறுப்பான பையன்.

"அப்ப ஹார்டு டிஸ்க்தான் போடணும். வெளிய தனியா வெச்சு மாட்டறது. மெட்ராஸ்லேர்ந்து ரெண்டு வந்திருக்குது, பாக்கறீங்களா?" என்றான் கண்ணையன்.

அரிகிருஷ்ணன் மகளையும் அழைத்துக்கொண்டு போனார். மேஜைமேல் இரண்டு பெட்டிகள். ஒன்று டிபன் கேரியர் அளவு, மற்றது தகர டிரங்குப் பெட்டிக்குத் தம்பி.

"எத்தன மாப்பிள்ளை புடிக்கும்?"

"சின்னது பத்து மெகாபைட். பெருசு இருபதுங்க."

"பாலா ஊத்தற, அளவு சொல்றதுக்கு? ஆள் கணக்குல சொல்லுப்பா."

"பெருசுல பாண்டிச்சேரில கல்யாணமாவாத அத்தன பேரையும் போட்டாலும் எடம் மிச்சமிருக்கும்."

அரிகிருஷ்ணன் இரண்டையும் தூக்கிப் பார்த்தார். காதோடு வைத்துத் தட்டிப் பார்த்தார். கறுப்பாக இருந்ததால் சின்னதன்மேல் அவருக்கு ஏற்கெனவே மனசு இல்லை.

"சின்னதே போதும்ப்பா. நம்ம கிட்ட இருக்கறதே கொஞ்சம் பேருதான்" என்றாள் கமலவேணி.

"ஒனக்குத் தெரியாது, சும்மா இரு. இதான் கனமா கீது. கனமா இருந்தா உள்ள இருக்கறது எங்கயும் போவாது."

"ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்குங்க. தெனமும் தவறாம காப்பி எடுக்கணும். யாரு எடுப்பாங்க?" என்று கேட்டான் கண்ணையன்.

"எம் பொண்ணுதான். அவளுக்கு வேற இன்னா வேலை?"

கமலவேணி வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். வீதியில் ஒரு கல்யாணப் பத்திரிகைக் கடை வாசலில் யாரோ பத்திரிகை மாதிரிகளைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பெரிய பெட்டி வீட்டுக்கு வந்தது. கமலவேணியின் வளையலுக்கென்று கட்டிய சீட்டுதான் அதற்குப் போனது. மணியம்மாள் கத்தினாள், பிறகு அழுதாள்.

"லிஸ்ட் இருந்தா வளையல் தானா வரும்டி. இவளுக்குத்தானே செய்றேன்?" என்றார் அவர். சொல்லும்போது அவர் அதை நம்பவும் செய்தார், அதுதான் கொடுமை.

இந்த முறை சந்தனம் கிடையாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கமலவேணி தினமும் சாயங்காலம் உட்கார்ந்து காப்பி எடுத்தாள். சில நாள் தலையில் கொஞ்சம் பூகூட வைத்திருந்தாள். புதுப் பெட்டி வந்த சந்தோஷம் என்று அப்பா நினைத்துக்கொண்டார்.

போகி வந்தது. இருபது வருஷத்துத் தரகு நோட்டுகள் பரண்மேல் கட்டுக்கட்டாக இருந்தன. மிஷின் வந்த பிறகு அவற்றைப் புரட்டிப் பார்க்க அவருக்குத் தோன்றியதே இல்லை. இனி அவை எதற்கு? அரிகிருஷ்ணன் தெரு பார்க்கட்டும் என்று வாசலில் போட்டுக் கொளுத்தினார். அடுத்த தெருப் பக்கிரிக்கும் புகை போயிருக்கும் என்பதில் அவருக்குத் தனி ஆனந்தம்.

தை பிறந்ததும் பாவாடை மறுபடியும் வந்தார். வீட்டை விற்றாவது மகளைப் பாரிஸுக்கு அனுப்பிவிடுவது என்று தீர்மானித்து வந்திருந்தார்.

"அந்த ஜாக் இருக்கானாண்ணே? ரெண்டு தங்கச்சியைக் கட்டிக்குடுத்துட்டுத்தான் தனக்குப் பாப்பேன்னானே, அவன்."

"இருக்காம எங்க போவான்? எடும்மா."

கமலவேணி அடித்தாள். "இல்லப்பா."

"அப்ப பெரிய பெட்டியில பாரு."

"அதுலயும் இல்ல."

"அது எப்பிடி இல்லாம போவும்? அதுக்குத்தானே வாங்கனது!"

"இதுல இருக்கறதத்தாம்ப்பா அது காப்பி எடுக்கும். இதுல இல்லன்னா அதுல எப்பிடி இருக்கும்?"

ஒரு சத்தம் போட்டார் அரிகிருஷ்ணன். தேடத் தேட ஓட்டை பெரிதாகிக்கொண்டே போனது. கண்ணையன் ஓடிவந்து பார்த்துவிட்டு, பெட்டிகள் இரண்டும் கல் மாதிரி இருக்கின்றன, சொன்னதைத்தான் செய்கின்றன என்று கையை விரித்தான். காணாமற்போனவர்களின் பேர்கள் நினைவில் இருந்தன. விலாசம், ஜாதகம் எல்லாம் போகிப் புகையோடு போயிருந்தன. பாவாடை எழுந்து போனபோது வாசலில் செருப்பைத் தேய்த்த விதமே அவர் இனி வரமாட்டார் என்று சொன்னது.

கடைசியில் அரிகிருஷ்ணன் மானத்தைக் கழற்றி வைத்துவிட்டுப் பக்கிரிக்கு ஆள் அனுப்பினார். கூப்பிட்ட கையோடு பக்கிரி வந்தார். போட்டிக்காரன் வீடு சரிவதைப் பார்க்க யாருக்குத்தான் கசக்கும்?

"பேரைச் சொல்லுங்கண்ணே" என்று நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

"துலூஸ் ரெனே."

"ஒரே புள்ள. ம்."

"மார்சேய் பையன்."

"நாலு தம்பிக்காரன். ம்."

"ஜாக்."

"ரெண்டு தங்கச்சி. ம், சொல்லுங்க."

அரிகிருஷ்ணன் சொல்லிக்கொண்டே போனார். பக்கிரி விரலை மடக்கிக்கொண்டே வந்தார். பாதியில் அவர் "ம்" போடுவது நின்றுவிட்டது. கமலவேணி காப்பித் தம்ளரைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். பக்கிரி கண்ணைத் திறந்து அவளை ஏறிட்டுப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொள்ளவில்லை.

"பாப்பாவுக்கு இன்னும் முடியலியாண்ணே? இன்னா நட்சத்திரம்?"

"கேட்டை. அந்தக் கதை இப்ப எதுக்கு? என் பொழப்பே போவுது, லிஸ்ட்டுக்கு வா."

பக்கிரி காப்பியை நிதானமாகக் குடித்து முடித்துத் தம்ளரைக் கீழே வைத்தார்.

"லிஸ்ட்டத்தாண்ணே சொல்றேன். மிஷின் யாரையும் தின்னல. நீங்க சொன்ன அத்தன பேரும் தனக்கு மேல அண்ணன் இல்லாதவங்க, கேட்டை நட்சத்திரப் பொண்ணு ஒண்ணு தனக்கு ஆவற மாப்பிள்ளைங்கள மட்டும் ஊருக்குக் குடுக்காம ஒளிச்சு வெச்சிருக்குது."