குனியத் தெரியாத பொம்மை

பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்.
செவ்வாய்க்கிழமை.

அன்பும் அடக்கமும் நிறைந்த மச்சான் குருவுக்கு, உன் அக்காவைக் கட்டிக்கொண்டு இருபத்து நாலு வருஷமாக அவள் திட்டுக்கு எதிர்ப்பேச்சு பேசாமல் குடித்தனம் நடத்திவரும் சிவபாலன் எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் அக்கா துளசி, எங்கள் பெண் சத்யப்ரியா மூன்று பேரும் நலம். தறியும் நலம். அங்கே சென்னையில் உன் நலம், உன் வீட்டார் நலம், உட்கார்ந்தே வேலை பார்த்துப் பிடித்துக்கொண்ட உன் கழுத்தின் நலம் எல்லாம் அறிய ஆவல். போனிலேயே பேசலாம்தான். பேசினால் நீ போனை மேஜைமேல் வைத்துவிட்டு, வேறு வேலை பார்த்துக்கொண்டே "ம், சொல்லுங்க மாமா" என்பாய். கடிதத்தில் அந்த வேலை நடக்காது. உட்கார்ந்து படி.

முதலில் ஒன்றை ஒத்துக்கொண்டுவிடுகிறேன். நம் வீட்டு நீல நிற பிளாஸ்டிக் நாற்காலியின் கால் உடைந்தது என்னால்தான். உன் அக்காவிடம் பூனை தள்ளிவிட்டது என்று சொல்லியிருக்கிறேன். ஒரு பூனைக்கு அவ்வளவு பலமா என்று அவள் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறாள், நீ மாற்றிச் சொல்லிவிடாதே. ஐம்பத்து இரண்டு வயதில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு டிவிக்கு எதிரே உட்கார்ந்து, நீ அனுப்பிய கேம் பெட்டியில் ஒரு பொம்மையை மாடிக்கு மாடி தாவவிட்டுக்கொண்டிருந்தேன். தறியில் உட்கார்ந்து பழகினவனுக்குக் கை ஓடினால் கால் சும்மா இருக்காது, தானாக மிதிக்கும். பொம்மை தாவும்போதெல்லாம் நானும் இடது கால், வலது கால் என்று மிதித்து, ஒரு அகலமான இடைவெளியைத் தாண்டுகிற நேரத்தில் நாற்காலியோடு பின்பக்கம் போய்விட்டேன். பொம்மை பத்திரமாக அந்தப் பக்கம் இறங்கிவிட்டது.

இந்த வயதில் உங்களுக்கு ஏன் மாமா இந்த வேலை என்பாய். உனக்கே தெரியும், கோபத்தில் இன்னொரு தடவை சொல்கிறேன். சத்யப்ரியா படிக்கிற காலேஜில் ஆண்டுவிழாவுக்கு ஒரு போட்டி வைத்தார்கள். வீடியோ கேமில் கூரைமேல் ஓடித் தாவுகிற ஓட்டம். பிள்ளை பாதி தூரம், பெற்றவர் பாதி தூரம் என்று ஜோடியாக ஓடி முடிக்க வேண்டும். உன் அக்காவுக்கு டிவியில் ஆள் ஓடினாலே தலை சுற்றும். அதனால் என் பெண் என் எதிரில் வந்து நின்று, "அப்பா, நீ வரியா" என்று கேட்டாள். மச்சான், இந்த மூன்று வருஷத்தில் அவள் என்னைக் காலேஜுக்குக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. மீட்டிங் என்றால் அம்மா, கையெழுத்து என்றால் அம்மா. காரணம் எனக்குத் தெரியும். அவள் பத்தாவது படிக்கும்போது பள்ளிக்கூட விழாவுக்குப் பெரிய டீச்சர் பட்டுப்புடவையில் வந்தார்கள். நான் எல்லார் எதிரிலும், "இது மிஷின்ல போட்டதும்மா, பட்டும் பாதிதான், உங்கள நல்லா ஏமாத்திட்டாங்க" என்று சொல்லிவிட்டேன். சொன்னது உண்மை. ஆனாலும் அன்றிலிருந்து எனக்குத் தடை. இப்போது கூப்பிட்டபோதும் கூடவே கண்டிஷன் வந்தது. "அங்க வந்து யாரையும் கிண்டல் பண்ணக் கூடாது. யார் புடவையையும் பாக்கக் கூடாது. என் மானத்த வாங்கக் கூடாது." சரிம்மா என்றேன். ஆறாவதோடு படிப்பை விட்டவன், அவள் காலேஜிலேயே அவளுக்கு ஒரு கோப்பை வாங்கிக் கொடுத்துவிட்டால், அப்புறம் என் பக்கத்தில் நிற்க அந்தப் பெண் கூச்சப்பட மாட்டாள் இல்லையா. அந்த ஆசையில்தான் உன்னிடம் யோசனை கேட்டேன்.

நீ என்ன செய்தாய்? உன் பழைய பெட்டியை அனுப்பினாய், சந்தோஷம். கூடவே "மாமா பழகுவதற்குப் பரிந்துரைக்கும் ஓடித் தாவும் விளையாட்டுகள்" என்று ஒரு தாளில் நம்பர் போட்டு எழுதி அனுப்பினாய். பரிந்துரையா அது? நாலாவது நம்பரில் ஒருத்தன் கோயிலுக்குள் புகுந்து சாமி சிலையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறான். காவல்காரர்கள் துரத்துகிறார்கள். நான் அவனைத் தப்பிக்க வைக்க வேண்டுமாம். கோயில் ஊரில் பிறந்துவிட்டு இதை ஒருத்தனுக்கு எழுத உனக்கு எப்படிக் கை வந்தது? நான் அவனை நாற்பது தடவை பிடிபட வைத்தேன். "அப்பா, நீ தோத்துக்கினே இருக்கே" என்றாள் சத்யப்ரியா. "நான் எங்கம்மா தோத்தேன், அவன்தான் மாட்டிக்கினான்" என்றேன். மூன்றாவதில் ஒருத்தன் முட்டி வரைக்கும் பூட்ஸ் மாட்டிக்கொண்டு கோபுரத்தில் ஏறி, கலசம் இருக்க வேண்டிய இடத்தில் குந்திக்கொள்கிறான். பூட்ஸைக் கழற்றிவிட்டு ஏறுவதற்கு ஏதாவது பொத்தான் இருக்கிறதா என்று ஒரு சாயங்காலம் முழுக்கத் தேடினேன். இல்லை. இரண்டாவது இன்னும் மோசம். யார் வீட்டு ஜன்னலிலோ குதித்து, அடுப்பங்கரை வழியாக ஓடி, கொல்லைப்பக்கம் வெளியே போகிறோம். அந்த வீட்டம்மா கையில் கரண்டியோடு ஏதோ பாஷையில் கத்துகிறாள். திரும்பிப் போய் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்கலாம் என்று திருப்பினால், நேரம் முடிந்துவிட்டதென்று ஆளையே சாகடித்துவிடுகிறார்கள். மன்னிப்புக் கேட்கப் போனவனைச் சாகடிக்கிற ஊரை நான் எங்கேயும் கேள்விப்பட்டதில்லை.

சரி, முதல் நம்பருக்கு வருகிறேன். போட்டிக்கு வைத்ததும் அதைத்தான். அது நன்றாகவே இருந்தது, பொய் சொல்லக் கூடாது. யார் வீட்டுக்குள்ளும் நுழைவதில்லை, வெறும் மொட்டைமாடிகள். பதினைந்து நாள் பழகினேன். ஜாய்ஸ்டிக்கில் இருக்கிற எட்டுப் பொத்தானும் மனப்பாடம். போட்டியன்று வேட்டி சட்டையெல்லாம் இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டு போனேன். வாயை ஒட்டின மாதிரி வைத்திருந்தேன். முதல் சுற்றில் ஜெயித்தோம், அடுத்ததிலும் ஜெயித்தோம். "பரவால்லப்பா" என்றாள் சத்யப்ரியா. அவள் வாயிலிருந்து அது எனக்கு வந்த பெரிய பட்டம். கடைசிச் சுற்றில் எங்களுக்கு எதிராகத் திருப்பருத்திக்குன்றத்து மகாவீரன் என்பவரும் அவர் பெண் ஸ்ருதியும். அவர் நெல் பயிர் வைக்கிறவர், என் வயதுதான் இருக்கும். கடைசிச் சுற்றுக்கென்று நாங்கள் பார்க்காத புது ஊர் ஒன்றைப் போட்டார்கள். ஆளுக்கொரு பெரிய திரை, பத்து நிமிஷம், ஹால் நிறையப் பிள்ளைகள். சத்யப்ரியா தன் பாதியைத் தறியில் நாடா ஓடுகிற வேகத்தில் ஓடி முடித்து, ஜாய்ஸ்டிக்கை என் கையில் கொடுத்து, "நேரா போப்பா, அவ்ளோதான், கொடி தெரியுது பாரு" என்றாள். நேராகத்தான் போனேன். மாடியிலிருந்து இறங்கி ஒரு சந்து திரும்பினால், சந்து நெடுக நூல் விரித்திருக்கிறது. சாயம் போட்ட நூல், சிவப்பும் மஞ்சளுமாக இழை இழையாக, இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரைக்கும், இடுப்பு உயரத்துக்கு. கொடி அந்தப் பக்கம்.

"தாண்டுப்பா."

"எப்படிம்மா தாண்டுறது, பாவு விரிச்சிருக்குது."

"அது பொம்மை நூலுப்பா."

"நூல் பொம்மையா இருக்கலாம்மா. கால் என்னுதாச்சே."

நீயே சொல்லு குரு. நான் உங்கள் வீட்டுக்கு மாப்பிள்ளையாகி மூன்றாம் நாள், அவசரத்தில், தறிக்கு ஏற்றத் தெருவில் விரித்திருந்த பாவு நூலைத் தாண்டக் காலைத் தூக்கியதற்கு, புது மாப்பிள்ளை என்றும் பார்க்காமல் உன் அப்பா தெருவே கேட்க அதட்டினார். அன்றோடு சரி. நம் தெருவில் பால்காரர் தாண்டுகிறாரா, சைக்கிள்காரன் தாண்டுகிறானா? குனிந்து அடியில் போனால் தப்பில்லை, எல்லாரும் அப்படித்தான் போகிறோம். ஆனால் நீ நம்பர் ஒன் என்று எழுதினாயே, அந்தப் பயலுக்கு ஓடத் தெரியும், தாவத் தெரியும், சுவரில் பல்லி மாதிரி ஒட்டிக்கொள்ளத் தெரியும், குனிய மட்டும் தெரியாது. எட்டுப் பொத்தானையும் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தேன். ஒன்றுக்கு உதைத்தான், ஒன்றுக்குக் கையை ஆட்டினான். கடைசியில் வந்த வழியே திரும்பி, அந்த ஊர்ச் சந்தையைச் சுற்றிக்கொண்டு கொடிக்குப் போகலாம் என்று கிளம்பினேன். ஹால் முழுக்கச் சிரிப்பு.

இந்நேரம் மகாவீரன் ஜெயித்திருப்பார் என்று பக்கத்துத் திரையைப் பார்த்தால், அவர் ஒரு மாடி விளிம்பில் நிற்கிறார். கீழே இருக்கிற வைக்கோல் வண்டியில் குதிக்க வேண்டும். வைக்கோல்மேல் ஒரு கோழியும் ஆறு குஞ்சும். "குதிப்பா" என்கிறாள் ஸ்ருதி. "கோழி நகரட்டும்மா" என்கிறார் அவர். "அது நகராதுப்பா, சும்மா அழகுக்கு வெச்சிருக்காங்க." "அழகுக்கு வெச்சாலும் அது அங்கதானம்மா இருக்குது." எனக்கு அந்த மனுஷரை ரொம்பப் பிடித்துவிட்டது. வாயைத் திறக்கக் கூடாது என்பதை மறந்து, "சார், உஸ்ஸுனு ஒரு சத்தம் குடுங்க, போயிடும்" என்றேன். "குடுத்துப் பாத்துட்டேன் சார், அதுக்குக் கேக்கல" என்றார். அதற்குப் பிறகு அந்த ஹாலில் மைக்கில் பேசினவரின் குரலே கேட்கவில்லை, அவ்வளவு சிரிப்பு. மணி அடித்தபோது நான் சந்தையில் தர்பூசணிக் கடைக்குப் பக்கத்தில் இருந்தேன். அவர் நின்ற இடத்திலேயே நின்றார். இரண்டு ஜோடியும் முடிக்காததால், முந்தின சுற்றில் தோற்று வீட்டுக்குக் கிளம்பிவிட்ட பிரியதர்ஷினி என்ற பெண்ணையும் அவள் அம்மாவையும் வாசலிலிருந்து திரும்பக் கூப்பிட்டுக் கோப்பையைக் கொடுத்தார்கள். அந்தம்மா கட்டியிருந்த புடவையை நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

என்னைப் பார்த்துச் சிரித்தால் எனக்கு ஒன்றுமில்லை, நாலு பேரைச் சிரிக்க வைப்பதுதான் என் பிழைப்பே. ஆனால் பக்கத்தில் நின்ற பெண் தலையைக் குனிந்துகொண்டாள் மச்சான். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தவள், இன்றோடு நாலு நாள், என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. வழியில் நான் உட்கார்ந்திருந்தால் "நகரு" என்றுகூடச் சொல்லாமல் சுற்றிக்கொண்டு போகிறாள். இதற்கெல்லாம் நீதான் காரணம். வேறு யாராவது அந்த விளையாட்டைப் பரிந்துரைத்திருந்தால், தெரியாமல் செய்தான் என்று விட்டுவிடுவேன். நெசவாளி வீட்டில் பிறந்து, பாவுக்கு அடியில் குனிந்து குனிந்து பள்ளிக்கூடம் போன நீ, சந்தில் நூல் வரும் என்று ஒரு வரி எழுத வேண்டாமா? ஆகவே வருகிற ஞாயிற்றுக்கிழமை வந்து உன் பெட்டியை எடுத்துக்கொண்டு போ. அந்தக் கம்பெனிக்காரனுக்கு இங்கிலீஷில் ஒரு கடிதம் எழுதி, பொம்மைக்குக் குனியக் கற்றுக்கொடுக்கச் சொல்லு. எல்லாவற்றுக்கும் முன்னால் சத்யப்ரியாவுக்குப் போன் போட்டு, "தப்பு என்னோடதும்மா, உங்கப்பா மேல இல்ல" என்று சொல்லு. நான் சொன்னால் நம்ப மாட்டாள். வாழ்நாள் முழுக்க விளையாட்டாகவே பேசினவன் ஒரு நாள் நிஜமாகப் பேசினால் யார் காதில் ஏறும்?

வரதரும் ஏகாம்பரநாதரும் காமாட்சியம்மனும் உன் கழுத்தை நேராக்கி, உன் புத்தியையும் அதே திசையில் திருப்பி வைக்கட்டும். உன் வீட்டாருக்கு என் ஆசி. கோபம் உனக்கு மட்டும்.

இப்படிக்கு,
உன் அக்காள் புருஷன்,
சிவபாலன்

பின்குறிப்பு: ஒட்டின உறையைப் பிரித்து எழுதுகிறேன். இன்று புதன்கிழமை. விடிந்ததும் தறிக்குப் போனேன். நீ எழுதின தாள் தறிமேல் கிடந்தது, பின்பக்கம் தெரிகிற மாதிரி. தாளுக்குப் பின்பக்கமும் நீ எழுதியிருந்தது எனக்குத் தெரியாது. "மாமா, நம்பர் ஒன்றில் ஏதாவது ஊரில் நூல் விரித்த சந்து வரலாம். நீங்கள் தாண்ட மாட்டீர்கள் என்று தெரியும். ஓடிக்கொண்டே முதல் பொத்தானையும் மூன்றாவதையும் சேர்த்து அழுத்துங்கள், குனிந்து அடியில் போவான்" என்று எழுதியிருக்கிறாய். அதைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டிருந்தது. வீட்டில் பென்சில் வைத்திருப்பவள் சத்யப்ரியா மட்டும்தான். ஆகவே மேலே எழுதினது எதையும் மனதில் வைத்துக்கொள்ளாதே. பெட்டியை வாங்க வர வேண்டாம். மகாவீரன் ஞாயிற்றுக்கிழமை இங்கே வருகிறார். கோழியை நகர்த்த ஏதாவது பொத்தான் இருந்தால் உடனே எழுது.

தெருவில் காலையில் பாவு விரித்துக் கஞ்சி போட்டிருந்தார்கள். பொம்மை எப்படிக் குனிகிறது என்று செய்து பார்க்க அடியில் புகுந்தேன். நடுவில் இடுப்பு பிடித்துக்கொண்டது. கஞ்சி காய ஒன்றரை மணி நேரம் ஆகும், அதுவரை பாவை எடுக்க முடியாது என்றார்கள். காலேஜுக்குக் கிளம்பின சத்யப்ரியா குனிந்து பார்த்து, "அங்க என்னப்பா பண்றே" என்றாள். "போயிக்கினு இருக்கேம்மா" என்றேன். கூட வந்த சிநேகிதி, அது யாரென்று அவளைக் கேட்டாள். "எங்கப்பா" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போனாள். ஒன்பதே காலுக்குப் பாவைச் சுருட்டினார்கள். என்னை ஒன்பதரைக்கு நிமிர்த்தினார்கள்.